பழைய கேம்பர் வேன்: எதை வாங்கினால் வீட்டிலேயே சரிசெய்ய முடியும்?

மேலே வெள்ளை, கீழே ஆரஞ்சு என்று பளபளத்து நின்ற அந்த வண்டியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணை எடுக்க மனமில்லை. அண்ணன் மட்டும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். பெயிண்டில் கீறல் விழக்கூடாதென்று மெல்லிய துணியில் சுற்றி, பக்கக் கதவுக்குக் கீழே வைத்தார். ஒட்டவில்லை, வழுக்கி விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது. "தம்பி, இது பட்டி. உள்ளே தகரமே இல்லை" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு வெல்டிங்தான் தொழில். எனக்குக் கொஞ்சம் மரவேலை தெரியும், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அன்று அவர் கூட வராமல் இருந்திருந்தால் அந்த வண்டியோடுதான் வீடு திரும்பியிருப்பேன்.

அதற்கப்புறம் இன்னும் மூன்று வண்டிகள் பார்த்தோம். கடைசியில் ஒன்றை வாங்கி, வீட்டை ஒட்டிப் போட்ட கொட்டகையில் நிறுத்தி, இரண்டு வருடம் வார இறுதிகளில் வேலை பார்த்தோம். பழைய கேம்பரை, அதாவது உள்ளேயே படுத்துச் சமைத்துப் பயணம் போகும் வேனை, வாங்கி வீட்டில் வைத்தே சரிசெய்ய நினைப்பவருக்கு என்னென்ன வழிகள் உண்டு, எந்த வழியில் எங்கே இடிக்கும் என்பதை அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்ஜின் செத்துக் கிடந்தாலும் பரவாயில்லை, தகரம் நன்றாக இருக்கும் வண்டியை எடுங்கள்.

காரணம் எளிது. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு லாரிக்கு இருப்பது போலக் கழற்றக்கூடிய தனிச் சேஸிஸ் கிடையாது. தரை, பக்கங்கள், கூரை, அடியில் ஓடும் சட்டங்கள் எல்லாம் ஒன்றாக வெல்டிங் செய்த ஒரே கூடு. வண்டியின் பலம் முழுவதும் அந்தக் கூட்டில்தான் இருக்கிறது. கதவுக்குக் கீழே பெட்டி போல ஓடும் பகுதி, டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்று சொல்வது, துருவில் கரைந்துபோனால் வண்டியே நடுவில் தொய்ய ஆரம்பிக்கும். என்ஜின் அப்படியில்லை. காற்றால் குளிரும் பழைய ஃபோக்ஸ்வாகன் என்ஜினைக் கியர்பாக்ஸோடு பிடித்திருப்பவை 4 போல்ட்டுகள். பின்பக்கத் தாங்கி, ஒயர், கேபிள், பெட்ரோல் ஹோஸ் இவற்றையும் கழற்றிவிட்டால் ட்ராலி ஜாக்கில் வைத்து ஒரு காலைப் பொழுதுக்குள் வெளியே எடுத்துவிடலாம். மேசைமேல் ஏற்றி, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அவசரமில்லாமல் பிரித்துப் பார்க்கலாம். துருப்பிடித்த தரைக்கு அடியில் மல்லாந்து படுத்து, நெருப்புப் பொறி கழுத்துக்குள் விழ விழ வெல்டிங் செய்வதோடு அதை ஒப்பிடவே முடியாது.

எந்தத் தலைமுறை வண்டி?

பழைய கேம்பர் என்றதும் பலர் மனதில் வருவது ஃபோக்ஸ்வாகன் டைப் 2. 1950 மார்ச்சில் இதன் உற்பத்தி தொடங்கியது. அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் வைக்கும் முகாம் பெட்டிகளை, அதாவது படுக்கையும் அலமாரியுமாகப் பயன்படும் சாமானை, செய்ய ஆரம்பித்துவிட்டது. முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருக்கும் முதல் தலைமுறையை ஸ்பிளிட் என்பார்கள். 1967 வரை வந்தது. அழகில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் வீட்டில் கற்றுக்கொண்டே வேலை செய்பவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். சேகரிப்பாளர்கள் போட்டி போடுவதால் துருப்பிடித்த கூட்டுக்கே பெரிய விலை சொல்கிறார்கள். 1966 ஆகஸ்ட்டுக்கு முந்தையவை பெரும்பாலும் 6 வோல்ட் மின்சாரத்தில் ஓடுபவை, ஹெட்லைட் வெளிச்சம் மங்கல்தான். ஒரு தகரத்தைத் தப்பாக வெட்டிவிட்டால் அதன் மதிப்பும் சேர்ந்து போகும். கற்றுக்கொள்ளும் கைக்கு அந்தப் பயம் வேண்டாம்.

அடுத்தது பே. ஒரே வளைந்த முன்கண்ணாடி கொண்ட வண்டி. ஜெர்மனியில் 1967 முதல் 1979 வரை செய்தார்கள். பிரேசிலில் இதே கூடு கொஞ்சம் மாறி 2013 வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. வீட்டில் வேலை செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது வேலையில் இறங்கினால்தான் தெரியும். சக்கர வளைவு, பேட்டரித் தட்டு, கதவின் கீழ்ப்பாதி, கண்ணாடி ரப்பர் என்று எதைத் தேடினாலும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பே வண்டிக்குள்ளும் இரண்டு வகை உண்டு. 1970 ஆகஸ்ட்டுக்கு முந்தையவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதற்குப் பிந்தையவற்றில் முன்னால் டிஸ்க். 1972 மாடலிலிருந்து 1700 சி.சி.யில் தொடங்கிய பெரிய என்ஜின் சிலவற்றில் வந்தது, பிறகு 1800, 2000 வரை போனது. மலை ஏற அந்த இழுவை நன்றாகவே இருக்கும். ஆனால் பாகங்கள் சின்ன 1600 என்ஜினுக்குக் கிடைப்பது போல எளிதாகக் கிடைப்பதில்லை, விலையும் கூடுதல். சமையல் பெட்டி, தண்ணீர், ஆட்கள் என்று பாரம் ஏற்றி அதிகம் சுற்றப்போகிறவர் பெரிய என்ஜினைத் தேடட்டும். வேலையையே ரசிப்பவருக்கு 1600 போதும்.

மூன்றாவது 1979-இல் வந்த சதுர முகம், டி3. உள்ளே அகலம் கூடுதல், ஓட்டுவதற்கும் இன்றைய வண்டிக்கு ஓரளவு அருகில் இருக்கும். 1982 முதல் தண்ணீரால் குளிரும் பெட்ரோல் என்ஜின்கள் வந்தன. ரேடியேட்டர் முன்னால், என்ஜின் பின்னால். இடையில் தரைக்கு அடியில் நீளமாக ஓடும் குழாய்கள். 16 லிட்டருக்கு மேல் கூலண்ட் பிடிக்கும். எங்காவது காற்று அடைத்துக்கொண்டால் வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தித்தான் வெளியேற்ற வேண்டும். அந்தக் கிடைமட்டப் பெட்ரோல் என்ஜினில் சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட் ஓரம் அரித்துக் கூலண்ட் கசிவது பேர்போன நோய். தப்பான கூலண்ட் ஊற்றினாலும், வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டாலும் இது வரும். தகரத்தில் பார்த்தால், டி3-இன் பக்கங்களில் பேனல்கள் சேரும் இணைப்புக் கோடுகள்தான் எதிரி. பெயிண்டுக்குள் பழுப்பாக ஒரு கோடு ஓடினால், உள்ளே துருவின் வேலை ரொம்ப நாளாக நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இருந்தாலும் குடும்பத்தோடு வருடத்துக்குப் பல முறை நீண்ட தூரம் போகிறவருக்கு டி3 பே வண்டியைவிட நல்ல தேர்வு. இதை நான் மனமறிந்து சொல்கிறேன், எங்களிடம் இருப்பது பே என்றாலும்.

ஃபோக்ஸ்வாகன் இல்லாதவற்றைப் பலர் பார்ப்பதே இல்லை. 1947 முதல் 1981 வரை வந்த சிட்ரோயன் எச் வேனில் முன்சக்கர இழுவை. அதனால் பின்னால் தரை தாழ்வாக, சமமாக இருக்கும். கூரையைத் தூக்காமலே நிமிர்ந்து நிற்கலாம். மூன்று கியர்தான், வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. 1967-இல் வந்த பெரிய பென்ஸ் டீசல் வேன்கள் தனிச் சட்டத்தின்மேல் உட்கார்ந்தவை. மெதுவாகப் போகும், ஆனால் உழைக்கும். பெரியவற்றில் மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டும், அப்படித் தாண்டினால் பல நாடுகளில் லைசென்ஸ் விதியே மாறிவிடும், பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபோர்டு டிரான்ஸிட், பெட்ஃபோர்டு சிஎஃப் போன்றவற்றில் என்ஜின் முன்னால் இருப்பதால் பின்புறம் முழுவதும் இருப்பிடமாகக் கிடைக்கும். இயந்திரப் பாகம் ஓரளவு தேறும். கண்ணாடி ரப்பர், கதவுக் கைப்பிடி, விளக்கு மூடி போன்ற சின்னச் சாமான்களுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும். விலை குறைவு என்று இவற்றை எடுப்பவர், அந்த வண்டிக்கென்று உரிமையாளர் சங்கம் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுவது நல்லது. பாகங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத்தான் தெரியும்.

எந்த நிலையில் இருக்கும் வண்டி?

தலைமுறையைவிட இந்தக் கேள்விதான் பெரியது. நாங்கள் பார்த்த நான்கும் நான்கு நிலையில் இருந்தன.

முதல் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். 'முழுவதும் புதுப்பித்தது' என்று விற்பவை இரண்டு ரகம். ஒரு ரகத்தில் உரிமையாளர் உட்கார்ந்து ஆல்பத்தைக் காட்டுவார். பெயிண்டை உரித்த வெறும் தகரம், வெட்டி எடுத்த துரு, புதிதாக வைத்த துண்டு, அதன்மேல் பிரைமர் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் இருக்கும். இப்படிப்பட்ட வண்டி கிடைத்தால், கையில் பணம் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நாமே எல்லாவற்றையும் செய்து முடிக்கும்போது ஆகும் மொத்தச் செலவோடு வைத்துப் பார்த்தால் அதுவே மலிவு. இன்னொரு ரகம் பூசி மெழுகியது. புதுப் பெயிண்ட் இருக்கும், புகைப்படம் ஒன்றுகூட இருக்காது. பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அறிய அதையே உரிக்க வேண்டும். அதாவது அந்தப் பெயிண்டுக்கும் காசு கொடுத்து, அதை உரிக்கவும் காசு கொடுப்போம். இந்த ரகத்தைவிட, துரு வெளியே தெரியும் அழுக்கு வண்டி எவ்வளவோ மேல். அதில் எதுவும் மறைந்திருக்காது.

இரண்டாவது வண்டி ஓடிக்கொண்டிருந்த டி3. கிலோமீட்டர் நிறைய, சீட் கிழிசல், கூரைத் துணியில் பூஞ்சை, ஆனால் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. ஓடும், ஆனால் களைத்த வண்டி. கொட்டகை இல்லாதவருக்கு, வண்டியைத் தெருவிலோ வாசலிலோ நிறுத்துபவருக்கு, எனக்குத் தெரிந்தவரை இதுதான் சரியான வழி. ஒரு மாதம் பிரேக், அடுத்த மாதம் ஜன்னல் ரப்பர், அதற்கடுத்து ஒயரிங் என்று சின்னச் சின்னதாகச் செய்துகொண்டே வண்டியில் போய்வரலாம். போய்வரும்போது அதன்மேல் ஒட்டுதல் வளரும், வேலையும் நிற்காது. இதில் ஒரே ஆபத்து, 'ஓடுகிறதே' என்ற தைரியத்தில் பிரேக்கையும் பெட்ரோல் ஹோஸையும் தள்ளிப்போடுவது. அந்த இரண்டையும் வாங்கிய வாரமே முடித்துவிட வேண்டும்.

மூன்றாவது, பிரித்துப்போட்ட வண்டி. கூடு ஒரு மூலையில், கதவுகள் சுவரில் சாய்த்து, மீதி எல்லாம் பதினெட்டு அட்டைப் பெட்டிகளில். நான் எண்ணினேன். யாரோ ஆசையாக ஆரம்பித்து நடுவில் விட்ட வேலை. விலை எல்லாவற்றிலும் குறைவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான் பொருந்தும். பிரித்தவருக்குத்தான் எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று தெரியும், சில வருடம் கழித்து அவருக்கும் மறந்துவிடும். என்ன இல்லை என்பது அந்த இடத்துக்கு வேலை வரும்போதுதான் தெரியவரும். ஒவ்வொரு தடவையும் வேலை நிற்கும், பாகம் தேடி வாரங்கள் போகும். ஏற்கெனவே அதே மாதிரி ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டியவர் வேண்டுமானால் இதை எடுக்கலாம். முதல் வண்டியாக வேண்டவே வேண்டாம்.

நான்காவது, 1969 பே. ஒரு களஞ்சியத்துக்குள் பல வருடமாக நின்றது. தூசி அரை அங்குலம், நான்கு டயரிலும் காற்றில்லை, என்ஜின் கிளம்பாது. என்ஜினின் பின்பக்கக் கப்பியை, பெல்ட் ஓடும் சக்கரத்தை, கையால் திருப்பினால் முக்கால் சுற்று போய் 'டக்' என்று எதிலோ முட்டி நின்றது. விற்பவருக்கே அதன்மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் அண்ணன் அடியில் படுத்துத் திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் போனார். எல்லா இடத்திலும் கணீரென்று ஒரே சத்தம். ஒரு மூலையில் மட்டும், பேட்டரி உட்காரும் தட்டில், சத்தம் மட்டமாகி முனை உள்ளே இறங்கியது.

கேம்பரே இல்லாத வெறும் சரக்கு வேனை வாங்கி உள்ளே எல்லாவற்றையும் நாமே செய்வது ஐந்தாவது வழி. மரவேலை கைவந்தவருக்கு ஏற்றது. கேம்பர் என்ற பெயர் இல்லாததால் விலை குறையும். ஆனால் கூரையை வெட்டித் தூக்கும் கூரை வைப்பது சாதாரண வேலையில்லை, கூட்டின் பலத்தோடு விளையாடுவது. பதிவுச் சான்றிதழில் வகை மாற்றவும் வேண்டியிருக்கும்.

பார்க்கப் போகும்போது

காந்தம், டார்ச், திருப்புளி, கீழே விரிக்க ஓர் அட்டை. இவை போதும். போகும் முன்பே போன் செய்து, நாங்கள் வரும்வரை என்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். போனதும் முதல் வேலையாகச் சைலன்சரைத் தொட்டுப் பார்க்கலாம்.

துரு எங்கே இருக்கும் என்பது தண்ணீர் எங்கே போகும் என்பதைப் பொறுத்தது. முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், கூரையைச் சுற்றி ஓடும் தண்ணீர்க் கால்வாய், சக்கர வளைவுகள், ஜாக் வைக்கும் இடங்கள், ரன்னிங் போர்டு, பேட்டரித் தட்டு. கேம்பரில் இவற்றோடு இன்னும் சில இடம் சேரும். பிரிட்ஜுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போட்ட துளைகளைச் சுற்றி, அலமாரிக்குப் பின்னால், சிங்க்குக்கு அடியில். அலமாரிக் கதவைத் திறந்து, தரை விரிப்பின் மூலையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் அதற்குத் தடை சொன்னால் கிளம்பிவிடலாம். சேஸிஸ் எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிட மறக்கக் கூடாது. பே வண்டியில் அது என்ஜின் அறைக்குள் வலது பக்கம் அச்சடிக்கப்பட்டிருக்கும்.

காற்றால் குளிரும் என்ஜினுக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. என்ஜின் நின்றிருக்கும்போது பின்பக்கக் கப்பியை இரண்டு கையாலும் பிடித்து, சுற்றாமல், முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். அதற்கு அனுமதிக்கப்பட்ட ஆட்டம் 0.07-இலிருந்து 0.13 மி.மீ.தான். கையில் 'டொக், டொக்' என்று தெளிவாகத் தெரிந்தால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறது. அதை வைத்து விலை பேசலாமே தவிர, தகரம் நன்றாக இருந்தால் வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை.

டயரில் பட்டன் ஆழத்தைப் பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கொஞ்சமே ஓடும் வண்டிகளில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பத்து வருடம் தாண்டியிருந்தால் பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

வீட்டில் எது, வெளியே எது

வாங்கியதும் எல்லோருடைய கையும் முதலில் போவது திரைச்சீலைக்கும் மெத்தைக்கும்தான். ஆசை புரிகிறது. ஆனால் தகரம் முடியும் முன் உள்ளே மரம் போட்டால், வெல்டிங் நாளில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும், கழற்றாவிட்டால் தீப்பிடிக்கும். நாங்கள் கடைப்பிடித்த வரிசை இதுதான். முதலில் பிரேக்கும் பெட்ரோல் ஹோஸும். அப்புறம் தண்ணீர் புகும் இடங்களை அடைப்பது. பிறகு தகரம், என்ஜின், பெயிண்ட், கடைசியாக உள்வேலை.

பெட்ரோல் ஹோஸைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். ஸ்பிளிட், பே இரண்டிலும் டேங்க் என்ஜினைவிட உயரத்தில் இருக்கிறது. ஹோஸ் ஒரு முறை கழன்றால், என்ஜினை நிறுத்தினாலும் பெட்ரோல் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் சூடான என்ஜின்மேல். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உப்ப வைக்கும், விரிசல் விட வைக்கும். அந்த என்ஜினின் உடம்பு மெக்னீசியம் கலந்த உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. எத்தனையோ அருமையான வண்டிகள் ஒரு முழ ஹோஸால் எரிந்து போயிருக்கின்றன. எத்தனால் தாங்கும் புது ஹோஸும் நல்ல கிளிப்பும் வாங்கி மாற்ற ஒரு பிற்பகல் போதும். அது முடியும்வரை எங்கள் வண்டியை நாங்கள் கிளப்பவே இல்லை.

என்ஜின் வேலை, பிரேக் ஷூ, சிலிண்டர் மாற்றுவது, ஒயரிங், ஜன்னல் ரப்பர், மரவேலை இவை எல்லாம் பொறுமையுள்ள ஒருவர் வீட்டில் செய்யக்கூடியவை. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம்மைத் திறந்ததும் காற்றால் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். பிரேக் வேலையை முடித்தபின் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ரோட்டுக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு வைத்துத்தான் போக வேண்டும்.

கியர்பாக்ஸைப் பிரிப்பதும் முழு பெயிண்டும் வெளியே கொடுக்க வேண்டியவை. இன்றைய இரண்டு கலவைப் பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு. அதைத் தெளிக்கும்போது சாதாரண முகமூடி நுரையீரலைக் காப்பாற்றாது, வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம் வேண்டும். கேஸ் இணைப்பையும் அதற்கென்று உரிமம் உள்ளவரே செய்யட்டும்.

வெல்டிங் நடுவில் நிற்கிறது. பேட்டரித் தட்டு, தரையில் சின்ன ஒட்டு போன்றவற்றை மிக் வெல்டிங் (கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் வெல்டிங்) கற்றுக்கொண்டு நாமே செய்யலாம். தகரம் ஏறக்குறைய 1 மி.மீ. கனம்தான், நீளமாகக் கோடு இழுத்தால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டு நிரப்ப வேண்டும். ரன்னிங் போர்டை முழுதாக மாற்றுவது வேறு கதை. வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, வாசலின் அளவு மாறாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் வெட்டிய ஒரு வண்டியை அண்ணனிடம் சரிசெய்யக் கொண்டுவந்தார்கள். புது ரன்னிங் போர்டு கச்சிதமாக இருந்தது, பக்கக் கதவுதான் மூடவில்லை. தொய்ந்த நிலையிலேயே கூட்டை வெல்டிங் செய்துவிட்டார்கள். எல்லாவற்றையும் வெட்டி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. வீட்டில் வெல்டர் இல்லாதவர் இந்த ஒரு வேலைக்காவது பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் இந்த வேலை தேவைப்படாத வண்டியைத் தேடுங்கள் என்கிறேன்.

உள்ளே: பழசை வைப்பதா, புதிதாகச் செய்வதா

வெஸ்ட்ஃபாலியா போன்ற நிறுவனங்கள் செய்த பழைய அலமாரிகள் முழுதாக இருந்தால் தயவுசெய்து கழற்றி எறிய வேண்டாம். பழைய வண்டிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா, குறைந்தது 30 வருடமாகி, வரலாற்றுக்குச் சரியான நிலையில் பராமரிக்கப்படுவதைத்தான் வரலாற்று வண்டி என்கிறது. மூல அலமாரி வண்டியின் மதிப்பில் பாதி என்றுகூட நான் சொல்வேன். மேல் பட்டை உரிந்திருந்தால் ஒட்டலாம், கீல் போயிருந்தால் மாற்றலாம். பாதி காணோம், மீதி ஊறிப்போயிற்று என்றால் மட்டும் புதிதாகச் செய்யலாம். அப்போது எடையைக் கவனிக்க வேண்டும். வீட்டு அலமாரி போல 18 மி.மீ. பலகையில் செய்தால் வண்டி மலையேற மறுக்கும். எடை குறைந்த பிளைவுட், 9 அல்லது 12 மி.மீ., போதும்.

மின்சாரத்தில் கணக்குப் போட்டுவிட்டு வாங்குவது நல்லது. கம்ப்ரஸர் வைத்த சின்ன பிரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 30 முதல் 45 ஆம்பியர்-மணி எடுக்கும். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கையில் இருப்பது 50தான். ஆக, ஓட்டாமல் நின்றால் ஒரு நாளைக்குக் கொஞ்சம் மேல் தாங்கும். அதற்குமேல் நிற்பவர் லித்தியம் பேட்டரியோ சோலாரோ யோசிக்கலாம். இரண்டாவது பேட்டரியின் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும், நாலடி தள்ளி வைப்பதில் பயனில்லை.

கேஸ் அடுப்பு இருக்கும் வண்டியில் தரையில் ஒரு துளை இருக்கும். அழுக்கு வருகிறதென்று பலர் அதைப் புது விரிப்பால் மூடிவிடுகிறார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். அதேபோல, காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வாகனில் ஹீட்டர் காற்று வருவது புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறையிலிருந்து. உள்ளே குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் புகையும் சேர்ந்து உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கை அருகே மாட்டிவிடுங்கள்.

சரி, நாங்கள் எதை எடுத்தோம்? கடைசியில் ஓடும் டி3-க்கும் செத்த பே-க்கும் நடுவில்தான் போட்டி. டி3-இன் இணைப்புக் கோடுகள் நான்கில் மூன்று உப்பியிருந்தன. கொட்டகை இருந்ததால் ஓடாத வண்டியை வைத்துக்கொள்ள எங்களுக்கு இடம் இருந்தது. பே-யை எடுத்தோம்.

என்ஜினை இறக்கிப் பிரித்த அன்று காரணம் தெரிந்தது. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வ் தலை முறிந்து, பிஸ்டனின் நெற்றியில் காசு போலப் பதிந்திருந்தது. 1970 வரை வந்த இந்த என்ஜினில் ஆயில் கூலர் விசிறிக் காற்றின் வழியிலேயே நிற்கும். அதற்குப் பின்னால் இருக்கும் மூன்றாவது சிலிண்டருக்குக் குளிர்ந்த காற்று குறைவாகத்தான் போகும். 1971 மாடலிலிருந்து கூலரைத் தள்ளிவைத்து இந்தக் குறையைத் தீர்த்தார்கள். நாங்களும் அந்தப் பிந்தைய விசிறிக் கூட்டையே வாங்கிப் பூட்டினோம். புது பிஸ்டன் செட், சரிசெய்த ஹெட், பேட்டரித் தட்டுக்கு அண்ணன் வெட்டி வைத்த ஒரு முழத் தகரம். பெரிய வேலை என்று பார்த்தால் இவ்வளவுதான்.

5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை வால்வ் இடைவெளி பார்க்கிறோம். 0.15 மி.மீ., என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும் என்பதால் விடிகாலையில்தான். நான் கப்பியை மெல்லத் திருப்புவேன், அண்ணன் அடியில் படுத்து ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை நுழைத்துப் பார்ப்பார். மூன்றாவது சிலிண்டருக்கு வரும்போது மட்டும் இன்னொரு தடவை நுழைத்துப் பார்ப்பார்.